நம்ம ஊர்ல கேன்சர் அதிகமா? ஒரு வாட்ஸ்அப் செய்தியும் சில எண்களும்

போன மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். "அம்மா, என் ஹோம்வொர்க் நோட்டு எங்கே?" என்று அவள் ஒரு பக்கம் கத்த, இன்னொரு பக்கம் போன் விடாமல் அதிர்ந்தது. பெற்றோர் குழுவில் ஒரு அங்கிள் ஃபார்வர்ட் செய்திருந்தார்: "நியூஜெர்சியில கேன்சர் ரேட் நாட்டு சராசரியைவிட அதிகம். குழாய்த் தண்ணீர் குடிக்காதீங்க. முடிஞ்சா வேற ஸ்டேட்டுக்கு மாறுங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

வழக்கமாக இப்படிப்பட்டதைப் படிக்காமலே தள்ளிவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களில் எங்கள் குழுவிலேயே மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஒருவருக்கு மார்பகத்தில், ஒருவருக்குத் தைராய்டில். மூன்றாவது ஆள் என் நெருங்கிய தோழி. வயது 43. பெருங்குடலில், மூன்றாம் கட்டம். அவள் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு.

நான் டாக்டர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எண்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. எடிசன் பக்கம் வளர்ந்து, இங்கேயே பிள்ளைகளையும் வளர்க்கிறேன். ஓடுவதா இருப்பதா என்பதை ஃபார்வர்ட் மெசேஜை வைத்து முடிவு செய்யக் கூடாது, கணக்கைப் பார்த்துடலாம்னு அன்று ராத்திரி லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அமெரிக்காவில் இதற்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. தேசியப் புற்றுநோய்க் கழகமும் சிடிசியும் சேர்ந்து 'ஸ்டேட் கேன்சர் ப்ரொஃபைல்ஸ்' என்ற பெயரில் ஒவ்வொரு கவுண்டிக்கும் உள்ள எண்களை நாட்டு எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் படிக்கத் தெரிய வேண்டும்.

வந்தது வேறு, இறந்தது வேறு

முதலில் எனக்கே ஆச்சரியம். அங்கிள் அனுப்பியது பொய் இல்லை! நியூஜெர்சியில் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் நாட்டு சராசரியைவிட அதிகம்தான். ஆனால் அதே மாநிலத்தில் புற்றுநோயால் இறப்பவர்களின் விகிதம் நாட்டு சராசரியைவிடக் குறைவு. மெசேஜில் இந்த இரண்டாவது பாதி இல்லை.

எப்படி இரண்டும் ஒன்றாக நடக்கும்? ஒரு ஊரில் நிறைய பேர் மேமோகிராம், பிஎஸ்ஏ, தைராய்டு ஸ்கேன் என்று எடுத்தால் நிறைய கண்டுபிடிக்கப்படும். அவற்றில் பல ஆரம்ப நிலையில் இருக்கும், குணமாகும். சில, கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் ஆளுக்கு எந்தக் கெடுதலும் செய்திருக்காது. ஆக 'வந்த' எண் ஏறும், 'இறந்த' எண் இறங்கும். கென்டக்கியைப் பாருங்கள். அங்கே இரண்டுமே அதிகம். இறப்பு விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக இருக்கும் மாநிலங்களில் ஒன்று அது. பல தலைமுறைப் புகைப் பழக்கமும் நுரையீரல் புற்றுநோயும் அதற்குப் பெரிய காரணம். புகைப்பவர் மிகக் குறைந்த யூட்டாதான் இறப்பு விகிதத்திலும் கடைசி.

ஊரையும் நாட்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் இறப்பு விகிதத்தைப் பார்ப்பது ஒரு வகையில் நேர்மையானது. எத்தனை டெஸ்ட் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது அவ்வளவாக ஆடாது. இறப்புச் சான்றிதழிலிருந்து வருகிற எண் அது.

எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்

எங்கள் மாநிலத்தில் ஓஷன் கவுண்டி என்று ஒன்று. கடற்கரையோரம், ரிட்டயர் ஆனவர்களுக்கான குடியிருப்புகள் வரிசையாக இருக்கும். ஜெர்சி சிட்டி இருக்கும் ஹட்சன் கவுண்டியில் வேலைக்குப் போகும் இளவட்டங்கள் அதிகம். ஓஷனில் புற்றுநோய் மரணங்கள் கூடுதல் என்றால் அது ஊரின் குற்றமா, வயதின் குற்றமா?

இதற்காகத்தான் 'வயதைச் சமன் செய்த விகிதம்' என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். எல்லா ஊரிலும் வயதுவாரியான மக்கள்தொகை 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகை மாதிரியே இருந்திருந்தால், ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதுதான் அந்த எண். இரண்டு பிள்ளைகளின் மார்க்கை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்க வேண்டும் இல்லையா, அதே கதைதான். யாராவது 'எங்க ஊர்ல இத்தனை பேர் செத்தாங்க' என்று வெறும் எண்ணிக்கை காட்டினால், வயது சமன் செய்ததா என்று முதலில் கேளுங்கள்.

அம்பு எந்தப் பக்கம்?

நாட்டு எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவில் புற்றுநோய் இறப்பு விகிதம் உச்சத்தில் இருந்தது 1991-ல், ஒரு லட்சத்துக்குச் சுமார் 215. 2022-க்குள் சுமார் 142-க்கு வந்துவிட்டது. 34 சதவீதம் இறக்கம். 1991-ன் விகிதமே நீடித்திருந்தால் இறந்திருக்கக்கூடிய ஏறக்குறைய 45 லட்சம் பேர் அப்படி இறக்கவில்லை என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கணக்குச் சொல்கிறது. புகை குறைந்தது, முன்கூட்டியே கண்டுபிடித்தது, நல்ல மருந்துகள் வந்தது, மூன்றுக்கும் அதில் பங்கு.

கவுண்டி அட்டவணையில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருக்கும். ஒன்று, உங்கள் ஊர் நாட்டு எண்ணைவிட மேலா, கீழா, ஏறத்தாழ சமமா? இரண்டு, உங்கள் ஊரின் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மேலே இருந்தாலும் வேகமாக இறங்கும் ஊர் சரியான பாதையில் போகிறது. கீழே இருந்துகொண்டு மெல்ல ஏறும் ஊர்தான் கவலைக்குரியது. அதை யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டார்கள், ஏனென்றால் இன்றைய எண் அழகாக இருக்கும்.

எங்கள் கவுண்டியில் எல்லாப் புற்றுநோய்களும் சேர்ந்த இறப்பு விகிதம் நாட்டு எண்ணைவிடக் குறைவு, அம்பும் கீழ்நோக்கி. அப்பாடா என்று லேப்டாப்பை மூடியிருப்பேன். ஆனால் 'எல்லாம் சேர்ந்து' என்பது ஒரு பெரிய போர்வை. நாடு முழுக்க நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் வேகமாகச் சரிந்திருப்பதால் மொத்த எண் இறங்குகிறது. அதே காலத்தில் கருப்பைப் புற்றுநோய் மரணங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

பெருங்குடல் புற்றுநோயில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொத்தமாகப் பார்த்தால் அதன் இறப்பு விகிதம் பல பத்தாண்டுகளாக இறங்குகிறது. 50 வயதுக்குக் கீழே மட்டும் பிரித்துப் பார்த்தால் ஏறுகிறது. 1990-களின் பின்பகுதியில் 50-க்குக் கீழ் உள்ளவர்களின் புற்றுநோய் மரணங்களில் அது நான்காம் இடத்தில் இருந்தது. 2024-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிட்ட கணக்கில் ஆண்களிடம் முதலிடம், பெண்களிடம் இரண்டாம் இடம். அதாவது அப்பா அம்மாவின் தலைமுறைக்கு அம்பு கீழே, நம் தலைமுறைக்கு மேலே. இரண்டையும் கலந்தால் 'இறங்குகிறது' என்றுதான் தெரியும். என் தோழியின் வயது 43 என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

மூணு மேட்ச் ஆடினவன் சராசரி

சின்ன ஊர்களின் எண்ணைப் பார்த்து மிரளக் கூடாது. புதுப் பையன் மூன்று மேட்ச் ஆடி சராசரி 80 வைத்திருக்கிறான் என்றால் அவனை டெண்டுல்கர் என்று சொல்லிவிட மாட்டோம். மக்கள்தொகை குறைந்த கவுண்டியில் ஓர் ஆண்டு நான்கு மரணம் கூடினாலே விகிதம் எங்கேயோ போய்விடும். அதனால்தான் ஐந்தாண்டுச் சராசரியாகத் தருகிறார்கள். எண்ணோடு கூடவே 'இதிலிருந்து இதற்குள் இருக்கலாம்' என்று ஓர் இடைவெளியும் தருகிறார்கள். 16-க்கும் குறைவான பதிவுகள் இருந்தால் எண்ணையே காட்ட மாட்டார்கள். காலியாக இருந்தால் அங்கே யாரும் சாகவில்லை என்று அர்த்தம் இல்லை, சொல்லும்படி கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

எண் சரியாக இருந்தும் கதை தப்பாகப் போகலாம். அமெரிக்கக் கவுண்டிகள் அனைத்தையும் வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. 2014-ல் மிக அதிகப் புற்றுநோய் இறப்பு விகிதம் எங்கே என்றால் ஃப்ளோரிடாவின் யூனியன் கவுண்டி, லட்சத்துக்கு 503. மிகக் குறைவு கொலராடோவின் சம்மிட் கவுண்டி, சுமார் 71. (அந்த ஆய்வின் கணக்கு முறை வேறு. மேலே சொன்ன 142-ஓடு இதை ஒப்பிட வேண்டாம்.) யூனியனில் தண்ணீரில் விஷமா? அந்தச் சின்னக் கவுண்டியில் ஒரு சிறை மருத்துவ மையம் இருக்கிறது. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து நோயாளிக் கைதிகளை அங்கே அனுப்புகிறார்கள். அவர்கள் இறந்தால் அந்த ஊர்க் கணக்கில் சேருகிறது. சம்மிட்டோ பனிச்சறுக்குக்குப் பேர்போன, வசதியான மலைப் பகுதி. யார் வந்து வாழ்கிறார்கள், யார் வந்து இறக்கிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள்ளே இருக்கிறது.

பயப்படவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கிளின் பயத்துக்கும் இந்த மாநிலத்தில் வரலாறு உண்டு. 1975-ல் கவுண்டிவாரியான புற்றுநோய் இறப்பு வரைபடம் முதல்முறையாக அச்சில் வந்தபோது, எங்கள் மாநிலத்தின் தெற்கே இருக்கும் சேலம் கவுண்டி தனியாகத் தெரிந்தது. நம்ம சேலம் இல்லை! 1950 முதல் 1969 வரை அங்கே வெள்ளை ஆண்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மரணம் நாட்டிலேயே மிக அதிகம். வேலை செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ரசாயனத் தொழிலில் இருந்த ஊர் அது. 1990-களில் டாம்ஸ் ரிவரில் குழந்தைகளிடம் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகம் என்பது தெரிந்து, மாநில அரசு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. பெண் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும், அவர்கள் வயிற்றில் இருந்தபோது தாய்மார்கள் குடித்த மாசுபட்ட கிணற்று நீருக்கும் தொடர்பு தெரிந்தது.

ஆனால் அந்த இரண்டு ஊரிலும் ஒரே வகை நோய், அல்லது வரக்கூடாத வயதில் நோய். எங்கள் குழுவில் மூன்று பேருக்கு மூன்று வெவ்வேறு நோய். இந்த நாட்டில் நூறு பேரில் சுமார் 39 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. நாற்பது, ஐம்பது வயதுப் பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் இருக்கும் பெரிய வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் என்பது மனதை உடைக்கும், ஆனால் கணக்கை உடைக்காது. தண்ணீர் சந்தேகம் இருந்தால் உங்கள் டவுன் தண்ணீர் நிறுவனம் ஆண்டுதோறும் தரவேண்டிய தர அறிக்கையைப் படியுங்கள். சொந்தக் கிணறு என்றால் டெஸ்ட் பண்ணுங்கள். வீட்டை விற்க அவசரப்பட வேண்டாம்.

அந்த எண்ணில் நாம் எங்கே?

ஆசியர்கள் என்று தனியாகப் பார்த்தால் எண் இன்னும் அழகாக இருக்கும். இனவாரியாகப் பார்க்கும்போது மொத்தப் புற்றுநோய் இறப்பு விகிதம் ஆசியர்களிடம்தான் மிகக் குறைவு. ஆனால் யார் அந்த ஆசியர்? சீனர், கொரியர், வியட்நாமியர், ஃபிலிப்பினோ, குஜராத்தி, நாம், எல்லாரும் ஒரே டப்பாவில். வயிறு, கல்லீரல் புற்றுநோய்கள் அந்த டப்பாவில் அதிகம். அது யாருடைய அதிகம் என்று கவுண்டி அட்டவணை சொல்லாது. இறப்புச் சான்றிதழில் 'ஏஷியன் இந்தியன்' என்று ஒரு கட்டம் உண்டு. இலங்கைத் தமிழருக்குத் தனிக் கட்டம் இல்லை, 'மற்ற ஆசியர்' என்று எழுத வேண்டும். அதையும் துக்க வீட்டில் யாரோ ஒருவர் ஈமச்சடங்கு நிறுவனத்தாரிடம் சொல்ல, அவர்கள் நிரப்புகிறார்கள்.

இன்னொன்று. வேற்று நாட்டுக்குப் புலம்பெயர்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். நோயாளிகள் அவ்வளவாகப் புறப்படுவதில்லை. அப்பா அம்மா தலைமுறையின் நல்ல எண்ணில் அதுவும் அடக்கம். இங்கேயே பிறந்து, பீட்சாவும் சோடாவும் சாப்பிட்டு, நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கும் நமக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை சொன்ன கணக்கு

ஏப்ரலில் வருடாந்திர செக்கப்புக்குப் போனபோது படிவத்தில் வழக்கமான கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய்? இருபது வருடமாக 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டு அடித்தேன்? அன்று ராத்திரி கும்பகோணத்துக்கு அத்தைக்குப் போன் போட்டேன்.

"தாத்தா எப்படிப் போனார் அத்தை?"

"அதெல்லாம் எதுக்குடி இப்ப? மூலம்தான். ரெண்டு வருஷம் ரத்தமா போச்சு. நாட்டு மருந்து குடுத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசியா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப, குடல்ல கட்டி முத்திப்போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா. நாங்க மூணு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்கிறோம். இந்த வியாதி வீட்ல இருக்குன்னா எவன் வருவான்?"

தாத்தாவுக்கு அப்போது 54. வருடம் 1979. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் சென்னைப் பதிவேடே 1980-களின் தொடக்கத்தில்தான் ஆரம்பமானது. தமிழ்நாடு முழுவதற்குமான பதிவு 2012-க்குப் பிறகுதான். என் தாத்தா எந்த ஊர்க் கணக்கிலும், எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கிலும் 'மூலம்' என்றே இருந்தார்.

அடுத்து அப்பாவுக்குப் போன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கும் அம்பத்தெட்டுல கொலோனாஸ்கோபி பண்ணாங்கம்மா. ரெண்டு மூணு பாலிப் எடுத்தாங்க. ஒண்ணு பெருசாம். கேன்சர் இல்லைன்னுட்டாங்க. உங்களை எதுக்குப் பயமுறுத்தணும்னு சொல்லல." கோபம் வந்தது. அப்புறம், அவருக்குச் சொல்லாமல் வைப்பதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசித்தபோது கோபம் போய்விட்டது.

டாக்டரிடம் சொன்னேன். "அப்பாவுக்குப் பெரிய பாலிப் என்றால் நீங்கள் 40 வயதிலேயே பண்ணியிருக்கணுமே" என்றார். எனக்கு 42. முந்தின நாள் ராத்திரி அந்த மருந்தைக் குடிப்பதுதான் கஷ்டம், மற்றபடி தூக்கம்தான். இரண்டு சின்ன பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து வரச் சொன்னார்கள். என் தம்பிக்கு 39. அவனுக்கும் அப்பாவையே பேசச் சொன்னேன். பேசினார்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் ஊர் எண்ணைப் பாருங்கள், தப்பில்லை. பார்த்துவிட்டு இவற்றையும் செய்யுங்கள்.

பெருங்குடல் பரிசோதனை அமெரிக்காவில் 45 வயதிலிருந்து. குடும்பத்தில் இருந்தால் இன்னும் முன்னதாக, டாக்டரிடம் கேட்டு. கொலோனாஸ்கோபிக்குப் பயம் என்றால் வருடம் ஒருமுறை வீட்டிலேயே எடுக்கும் மலப் பரிசோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை அந்தக் கிட் தபாலில் வரும். மேஜை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஜூலை 2024 முதல் 45 வயதுக்காரர்களும் கேட்டு வாங்கலாம். எந்த நாடானாலும், மலத்தில் ரத்தம் வந்தால் வயதைப் பார்க்காதீர்கள். மூலம் என்று நாமே பெயர் வைத்துவிடவும் வேண்டாம்.

மேமோகிராம் 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது இப்போதைய அமெரிக்கப் பரிந்துரை. பாட்டிகளைக் கையோடு கூட்டிப் போங்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பது டெஸ்ட் ரிசல்ட் ஆகாது. பிள்ளைகளுக்கு 11, 12 வயதில் எச்பிவி தடுப்பூசி, ஆண் பெண் இருவருக்கும். வீட்டில் பெரியவர்கள் வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுகிறார்கள் என்றால் சொல்லுங்கள்: புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே முடிவு செய்துவிட்டது.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'வயித்து வலி', 'மூலம்', 'பொம்பளை வியாதி' என்று பதில் வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்.

இதையெல்லாம் சுருக்கி, என் தோழியிடம் காட்டிவிட்டுத்தான் குழுவில் போட்டேன். கீமோ முடிந்து சோபாவில் படுத்திருந்தாள். 'வந்தது, இறந்தது' பகுதியை இரண்டு தரம் படித்தாள். "நான் முதல் எண்ல சேர்ந்துட்டேன். ரெண்டாவதுல சேராம பாத்துக்கறேன், போ" என்றாள். ஆகஸ்ட் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. இன்னும் ஐந்து வருடம் பார்ப்பார்கள்.

குழுவில் முதலில் பதில் போட்டது அந்த அங்கிள்தான். "அப்போ தண்ணி குடிக்கலாமாம்மா?"

"குடிக்கலாம் அங்கிள். நீங்க கொலோனாஸ்கோபி பண்ணிட்டீங்களா?"

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் தனி மெசேஜ் வந்தது: "உங்க டாக்டர் நம்பர் குடும்மா. ஆன்ட்டிகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேணாம்."

நம்பரை அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "ஆன்ட்டிகிட்டயும் பசங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க, அங்கிள்."